யாழ்ப்பாணத்திலிருந்து அறுகம் குடா வரை தனியாக மோட்டார் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமராட்சியில் தொடங்கி கிழக்குக் கரையோரமாக அறுகம் குடா வரை நான் அலைச்சறுக்குக்காகத் தனியாக மோட்டார் சைக்கிளில் போய்வருவதை அறிந்தவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் தம்பி தங்கைகள். சில நேரம் அவர்களுடைய அம்மாமார். ஆளுக்கொரு துண்டாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தின் நேரத்தை நாங்கள் தீர்மானிப்பதில்லை. காற்றும் அலையும் மிருகங்களும் தீர்மானிக்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியவைதான்.

அக்கா, அலைக்காக ஏன் அவ்வளவு தூரம்? எங்கட கடலில அலை இல்லையோ?

அலை இருக்கிறது. பலகை போட்டு ஏறக்கூடிய அலை இல்லை. அலைச்சறுக்குக்குத் தேவையானது உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை அல்ல. இந்து சமுத்திரத்தின் தெற்கே வெகுதொலைவில் புயல்களில் பிறந்து, வழியில் ஒழுங்குபட்டு, வரிசை வரிசையாக வரும் நெடிய அலை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கும் மேற்கும் பாக்கு நீரிணையைப் பார்த்திருக்கின்றன. அது ஆழம் குறைந்த கடல். ஒரு பக்கம் இந்தியாவும் மறுபக்கம் எங்கள் தீவும் மறைத்து நிற்பதால் தெற்கு அலை அங்கே எட்டுவதில்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடக்க முடிவதும் அதனால்தான்.

பருத்தித்துறையிலிருந்து மணற்காடு, மருதங்கேணி, முல்லைத்தீவு என்று இறங்கும் கரை வேறு. அது வங்காள விரிகுடாவுக்கு நேர்முகம். வாடைக்காற்று மாதங்களில் அங்கே கடல் பெரிதாகத்தான் எழும். ஆனால் கரை சட்டென்று ஆழத்துக்கு இறங்குவதால் அலை கரையிலேயே மொத்தமாக மடிந்து விழுந்துவிடும். அதில் சறுக்கி ஓட இடமில்லை. இழுவையும் பலமானது. முல்லைத்தீவுக் கடலில் குளிக்கப் போய் உயிர்விட்டவர்கள் பலர். தயவுசெய்து அங்கே பழகத் தொடங்க வேண்டாம்.

அப்ப எந்த மாதம் போறது நல்லம்?

மே முதல் செப்டெம்பர் வரை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம் அது. தெற்குக் கடலில் அந்த மாதங்களில்தான் பெரிய அலைகள் பிறக்கின்றன. அவை தீவின் தெற்கைச் சுற்றி வடக்கே வரும்போது, அறுகம் குடா இருக்கும் பொத்துவில் பக்கத்துக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் மோதி வளைந்து, முனையின் ஓரமாகவே உடைந்துகொண்டு போகின்றன. சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் குழம்பாமல் நிமிர்ந்து நிற்கும். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறிவிடும். ஆகவே அலை விடியற்காலையின் பொருள்.

ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. நவம்பர், டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் புயல்களும் வரும்; கரையோர வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். அப்போது இந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம்.

ஒரே பயணத்தில பூநாரையும் பாத்து அலையும் ஏறலாமோ?

ஏறக்குறைய முடியாது. பூநாரைக் கூட்டங்களும் வலசை வரும் வாத்துகளும் எங்கள் கடல்நீரேரிகளில் நிறைவது மாரியில். நவம்பர் தொடங்கி மார்ச் வரை சுண்டிக்குளம், தொண்டைமானாறு, அராலி, மண்டைதீவுப் பக்கம் பார்க்கலாம். அலை வரும்போது அவை போய்விடும். இரண்டையும் ஒரே விடுமுறைக்குள் திணிக்காதீர்கள். மாரி ஓய்ந்ததும் பெப்ரவரியில் சுண்டிக்குளத்துக்கு ஒருநாள் ஓட்டம், கோடையில் நீண்ட பயணம் என்று பிரித்துவைப்பதுதான் சரி. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம். 2015 இல் தேசியப் பூங்காவானது. வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருந்தும் போகாதவர்கள் எத்தனையோ பேர்.

அதற்காகக் கோடைப் பயணத்தில் உயிரினங்கள் குறைவு என்று நினைக்கவேண்டாம். அறுகம் குடாவுக்குத் தெற்கேயுள்ள குமண தேசியப் பூங்காவில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது மே முதல் ஜூலை வரை. திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்கள் வருவதும் இந்தப் பருவத்தில்தான். வரட்சி முற்ற முற்ற பொத்துவிலுக்கு மேற்கேயுள்ள லகுகலைக் குளத்தில் யானைகள் கூடும். அலையும் பறவையும் யானையும் ஒன்றாகப் பொருந்துகிற மாதங்கள் ஜூன், ஜூலை.

முழுக்கக் கரையோரமாவே போகலாமோ? பாதையைச் சொல்லுங்கோ.

முழுக்க முடியாது. களப்புகள், அதாவது கடல்நீரேரிகள், குறுக்கே கிடக்கின்றன. நான் போகும் வழி இது: பருத்தித்துறை, வல்லிபுரம், மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி. மணற்காட்டில் மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலை நின்று பாருங்கள். மருதங்கேணிக்கு அங்கால் கட்டைக்காடு, சுண்டிக்குளம் வரை போகலாம். அதற்கப்பால் நம்பிப் போகக்கூடிய தொடர்ச்சியான பாதை இல்லை. திரும்பி மருதங்கேணிக்கு வந்து மேற்கே ஏ9 வீதியில் ஏறி, ஆனையிறவு கடந்து, பரந்தனில் இடதுபக்கம் ஏ35 இல் திரும்பவேண்டும். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கடந்தால் முல்லைத்தீவு. பரந்தனிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய்க் களப்பின் வாய் வழியை மறிக்கும். மறுகரையில் புல்மோட்டை பக்கத்தில்தான், ஆனால் களப்பைச் சுற்றி உட்பக்கமாகப் போய்த்தான் வரவேண்டும். புல்மோட்டையின் கறுத்த மணல் இல்மனைற்று என்ற கனிமம் கலந்த மணல். வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடும். அப்புறம் குச்சவெளி, நிலாவெளி, திருகோணமலை. அங்கிருந்து ஏ15: கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு. முன்னர் ஆற்றுக்கு ஆறு இறங்கி, படகுப்பாதையில் வாகனத்தை ஏற்றிக் கடந்த வீதி அது. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. மட்டக்களப்பிலிருந்து ஏ4 இல் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில்.

இந்தக் கரை எங்களுக்குப் புதிதல்ல. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வற்றாப்பளை, கோணேசர், வெருகல், மாமாங்கம், திருக்கோவில், உகந்தை என்று இதே வழியைக் காலால் கடக்கிறார்கள். எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே யானை என்று அவர்களைக் கேட்டால் எந்த வரைபடத்தையும்விட விவரமாகச் சொல்வார்கள்.

எத்தனை நாள் வேணும்?

போக நான்கு நாள், அங்கே நான்கைந்து நாள், வர இரண்டு நாள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய மூன்று இடங்களிலும் இரவு தங்கினால் எந்த நாளும் அவசரமில்லை. பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு ஓடக்கூடாது என்பது என் கட்டுப்பாடு. ஒரே நாளில் போய்ச் சேர்ந்தேன் என்று பெருமைப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கரையைப் பார்க்கவில்லை.

என்னட்ட 125 சிசி தான் இருக்கு. காணுமோ?

தாராளமாகக் காணும். இந்தப் பாதையில் மலை இல்லை, ஏற்றம் இல்லை. பாரம் குறைந்த வண்டிதான் மணலில் புதைந்தாலும் தனியாளாகத் தூக்கி எடுக்கக்கூடியது. தனியே போகும்போது அதுவே பெரிய பலம். பல்சர், டிஸ்கவர் போன்ற ஊரில் ஓடும் வண்டிகளுக்கு மூதூரிலும் வாகரையிலும்கூட உதிரிப்பாகமும் திருத்தத் தெரிந்தவரும் கிடைப்பார்கள். அரிதான பெரிய வண்டிக்கு அது கிடைக்காது.

போய், சுற்றித்திரிந்து, வந்துசேர ஆயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி என்றால் 25 லீற்றர் பெற்றோல் என்று கணக்குப் பாருங்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் நான்கிலும் தாங்கியை நிரப்பிவிடுங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே பெற்றோல் நிரப்பும் இடத்தை எதிர்பார்க்காதீர்கள்.

உப்புக்காற்றும் மணலும் வண்டியைத் தின்னாதோ?

தின்னும், கவனிக்காவிட்டால். முதலில் போவது செயின். ஒவ்வொரு நாளும் மாலையில் தங்குமிடத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு, செயின், பிரேக், ஸ்போக்ஸ் எல்லாம் கழுவி, காய்ந்தபிறகு செயினுக்கு ஒயில் விடுங்கள். பத்து நிமிட வேலை.

மணலில் ஓடும்போது ரயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சீரான வேகத்தில், முன் பிரேக்கைத் தொடாமல் போகவேண்டும். தார் வீதிக்கு வந்ததும் மறக்காமல் அடித்துக்கொள்ளுங்கள். ஆகவே கையால் அடிக்கும் சின்னப் பம்ப் ஒன்று கட்டாயம். சைட் ஸ்ராண்டின் கீழே வைக்க உள்ளங்கை அகலப் பலகைத்துண்டு ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் மணலில் நிறுத்திய வண்டி திரும்பிப் பார்ப்பதற்குள் சரிந்து கிடக்கும்.

அலைப்பலகையை இங்கயிருந்தே கட்டிக்கொண்டு போறதோ?

வேண்டாம். பக்கவாட்டுச் சட்டத்தில் பலகை கட்டி ஓடலாம்தான். அறுகம் குடாவில் எல்லாரும் அப்படித்தான் முனைக்கு முனை போகிறார்கள். ஆனால் அது சில கிலோமீற்றர் ஓட்டம். ஆனையிறவிலும் பெரிய பாலங்களிலும் சோளகம் பக்கத்திலிருந்து அடிக்கும்போது பலகை பாய் மாதிரிக் காற்றைப் பிடித்து வண்டியை வீதிக்குக் குறுக்கே தள்ளும். அங்கே போய் வாடகைக்கு எடுங்கள். பழகுபவர்களுக்கு மேல்பக்கம் மென்மையான நீளப் பலகைதான் தேவை. அது எல்லாக் கடையிலும் உண்டு. உடம்போடு ஒட்டிய முழுக்கை மேற்சட்டை ஒன்றை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் அதுதான் காவல்.

எனக்கு நீந்தத் தெரியாது. பலகை மிதக்கும்தானே, சமாளிக்கலாமோ?

கூடாது. காலில் கட்டும் கயிறு அறுவது எப்போதாவது நடக்கும். அறுந்தால் பலகை கரைக்குப் போய்விடும், நீங்கள் கடலில் நிற்பீர்கள். கடலால் சூழ்ந்த குடாநாட்டில் பிறந்தும் எங்களில் பலருக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விடயம். கசூரினாவிலோ காங்கேசன்துறையிலோ அமைதியான நாட்களில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, சில மாதம் பழகுங்கள். நிலம் தொடாத தண்ணீரில் பதறாமல் பத்து நிமிடம் மிதக்க முடிந்தபிறகு அலையை யோசிக்கலாம்.

இழுவை பற்றியும் தெரிந்திருக்கவேண்டும். கரைக்கு வந்த தண்ணீர் எங்கோ ஓர் இடுக்கால் கடலுக்குத் திரும்பத்தானே வேண்டும்; அந்த இடுக்கில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கத்துக்கு நீந்தி அதைவிட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பெரும்பாலும் இழுவை ஓடும் இடம்.

முதல்தரம் ஏறுறவைக்கு எந்த முனை நல்லம்?

பேபி பொயின்ற். குடாவின் உட்பக்கம், அலை சின்னது, கூட்டமும் பழகுபவர்களின் கூட்டம். அடுத்தது பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள விஸ்கி பொயின்ற். தெற்கே பாணமைப் பக்கம் பீனட் ஃபார்ம் கடற்கரையிலும் மென்மையான அலை ஒன்று உண்டு. நின்று பழகி, அலையின் முகத்தில் பக்கவாட்டாக ஓடத் தெரிந்தபிறகு பொத்துவில் பொயின்ற்றுக்குப் போங்கள். மணலின் மேல் ஓடும் நீண்ட அலை அது. நல்ல நாளில் ஓர் அலையில் ஓடி முடித்து, கரையால் நெடுந்தூரம் திரும்பி நடக்கவேண்டியிருக்கும். பெரிய பெயரெடுத்த மெயின் பொயின்ற் கடைசியாக. அடியில் பாறையும் முருகைக்கல்லும், கடல் முள்ளிகளும். 2019 இல் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிப் போட்டி நடந்த இடம். அங்கே பழகுபவர் நுழைவது மற்றவர்களுக்கும் ஆபத்து.

இந்த முனைகள் எல்லாவற்றிலும் அலை ஒரே பக்கமாகத்தான் உடையும். கரையைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கிலிருந்து வடக்காக. ஏன் என்பதற்கு இரண்டாவது கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கடலில் ஒழுங்கு உண்டு. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் அவருக்கு முன்னால் நீங்கள் இறங்கக்கூடாது. உள்ளூர்ப் பெடியன்களுக்கு இடம் விடுங்கள். அது அவர்களின் கடல். அப்பாமார் அங்கேயே வலை போடுகிறார்கள். ஒருநாள் முழுக்கக் கரையில் இருந்து பார்த்துவிட்டு மறுநாள் இறங்கினால் பாதி பாடம் முடிந்துவிடும்.

நாலரை மணிக்குப் பிறகு ஓடாதே எண்டு சொல்லுறியள். ஏன் அவ்வளவு பயம்?

யானை. குடாநாட்டுக்குள் காட்டு யானை இல்லாததால் அந்தப் பயம் எங்கள் கைகளிலும் கண்களிலும் பழகவில்லை. வன்னியில் பிறந்தவருக்கு வேலியோரம் ஒரு கிளை அசைந்தாலே கால் பிரேக்குக்குப் போகும், எங்களுக்குப் போகாது. முல்லைத்தீவிலிருந்து புல்மோட்டை வரை, வெருகல் வாகரைப் பக்கம், பாணமையிலிருந்து உகந்தை வரை, லகுகலை வீதி: இவையெல்லாம் யானைகள் வீதியைக் கடக்கும் இடங்கள். பின்னேரம் வெயில் சாயும்போது அவை தண்ணீருக்கும் வயலுக்கும் வெளிக்கிடும். மங்கல் வெளிச்சத்தில் சாம்பல்நிற உடம்பு சாம்பல்நிறக் காட்டோடு கலந்துவிடும். நாற்பது மீற்றரில்தான் தெரியும்.

இதே காரணத்துக்காக விடியமுன்னும் இந்தத் துண்டுகளில் ஓடவேண்டாம். அலை விடியற்காலையில் நல்லது என்று மேலே சொன்னேன். அப்படியானால் உகந்தைப் பக்கத்து அலைக்கு இருட்டோடு போகலாமா என்று கேட்பார்கள். இல்லை. வெளிச்சம் வந்தபிறகு போங்கள், கிடைத்த அலை காணும். விடியலில் இறங்கவேண்டுமானால் நடந்து போகும் தூரத்திலுள்ள அலையைத் தேர்ந்தெடுங்கள்.

றோட்டில யானை நிண்டா என்ன செய்யிறது?

தூரத்திலேயே நிறுத்துங்கள், நூறு மீற்றராவது. ஹோர்ண் அடிக்காதீர்கள், இயந்திரத்தை நிறுத்தாதீர்கள், வண்டியை வந்த பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலும் அது கடந்து போய்விடும். ஒரு யானை கடந்ததும் உடனே கிளம்பக்கூடாது. பின்னால் குட்டியோடு மற்றவை வரும். பஸ்ஸோ லொறியோ வந்தால் அதன் பின்னால் போவது நல்லது.

சாப்பாடு கொடுக்கவே கூடாது. சோளமும் பழமும் வாங்கி நீட்டுபவர்களால்தான் சில யானைகள் வீதியோரம் நின்று வாகனங்களை மறிக்கப் பழகியிருக்கின்றன. அடுத்து வருபவர் மோட்டார் சைக்கிளில் வருவார், அவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. பையில் வாழைப்பழமோ பலாப்பழமோ வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். வாசம் அவற்றை இழுக்கும்.

முதலை இருக்கோ?

களப்புகளில் இருக்கிறது. பொத்துவில், பாணமைப் பக்கக் களப்புகளிலும் ஆறுகளிலும் நன்றாகவே. அலைக்குள் அவற்றால் தொல்லை வருவது அபூர்வம். ஆபத்து களப்பு கடலோடு சேரும் வாயில். உப்புக் கழுவ என்று அந்தத் தண்ணீரில் இறங்கவேண்டாம், விளிம்பில் குந்தியிருந்து பாத்திரம் கழுவவும் வேண்டாம்.

குமணவுக்குள்ள மோட்டார் சைக்கிளில போகலாமோ?

முடியாது. பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், விடவும் கூடாது. பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயில் வரை கிறவல் வீதியில் உங்கள் வண்டியில் போகலாம். பூங்காவின் வாசல் அங்கேதான். உள்ளே போக அறுகம் குடாவிலோ பாணமையிலோ ஜீப் பிடிக்கவேண்டும். தனியாளாகச் செலவு கூடும் என்பதால் தங்குமிடத்தில் வேறு யாரும் போகிறார்களா என்று முதல்நாள் கேட்டுவையுங்கள்.

போகவேண்டிய இடமா என்றால், கட்டாயம். யால கிழக்கு என்றிருந்த இந்த 356 சதுர கிலோமீற்றர் காடு போர் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடியிருந்தது. 2006 இல் குமண என்று பெயர் மாறியது. குமண வில்லு என்ற ஆழம் குறைந்த நீர்நிலையின் கண்டல் மரங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், கொக்குகள் எல்லாம் ஒன்றாகக் கூடு கட்டியிருக்கும் நேரத்தில் அந்தச் சத்தத்தையும் மணத்தையும் அனுபவித்தவருக்கு யால மேற்கில் சிறுத்தைக்காக ஜீப்புகள் முண்டியடிக்கும் காட்சி பிடிக்காமல் போய்விடும். சிறுத்தை இங்கேயும் உண்டு, கரடியும் உண்டு. தெரிந்தால் சந்தோசம். தெரியாவிட்டாலும் நாள் வீணில்லை.

வன்னிப் பக்கம் கண்ணிவெடி இன்னும் இருக்காமே?

வீதிகளும் குடியிருப்புகளும் பாதுகாப்பானவை. ஆனால் முகமாலை, முல்லைத்தீவு போன்ற பகுதிகளில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அகற்றும் வேலை தொடர்ந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு வெள்ளை நாடா கண்டால் ஓரடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் குறுக்குப்பாதை தேடவேண்டாம். கடற்கரைக்கு மீனவர்கள் போகும் தடத்தில் மட்டும் போங்கள்.

முள்ளிவாய்க்கால் வழியா ஊர்சுற்றப் போறது சரியோ?

இதைக் கேட்டவர் ஒரு தங்கை. நல்ல கேள்வி. என் பதில்: சரி, ஆனால் வேகத்தைக் குறைத்து. 2009 மே மாதத்தில் எத்தனையோ குடும்பங்கள் வட்டுவாகலைக் கால்நடையாகக் கடந்தன. நான் நினைவுமுற்றத்தில் நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு நின்று போவேன். அங்கே படம் எடுப்பதில்லை. பக்கத்தில் வாழ்பவர்களின் கடையில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். இந்தக் கரை அழகானது என்பதும் இங்கே நடந்ததும் ஒன்றையொன்று அழிக்கிற உண்மைகள் அல்ல.

பொம்பிளைப் பிள்ளை தனியப் போகேலுமோ? வீட்டில விடினமோ?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பது பெரும்பாலும் அம்மாமார். யாழ்ப்பாணத்தில் பெண்கள் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் ஓடுவது புதினமல்ல. நீண்டதூரம் தனியே ஓடுவதுதான் புதினம். என் அனுபவத்தில் வீதியில் கிடைத்தது உதவிதான் அதிகம். கேள்விகளும் அதிகம்: ‘எங்க பிள்ளை தனியப் போறீங்க?’ என்று எல்லாக் கடையிலும் கேட்பார்கள். அது அக்கறை என்று எடுத்துக்கொண்டு சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். ஆனால் இரவு எங்கே தங்குகிறேன் என்பதை வழியில் யாரிடமும் சொல்வதில்லை. தங்குமிடத்தை முன்கூட்டியே போனில் பேசி, குடும்பமாக நடத்தும் இடமாகப் பார்த்து, வெளிச்சத்தோடு போய்ச் சேருவேன். வீட்டுக்கு ஒருவருக்கும் தோழி ஒருத்திக்கும் போனில் என் இருப்பிடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று, பொத்துவில் முஸ்லிம் ஊர்கள். உடம்பை மூடிய உடுப்பு அங்கே மரியாதை. ஓட்டத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை அதற்கேற்ப ஒழுங்குபடுத்துங்கள். பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்து வாழ்கிறார்கள். நாலு சிங்கள வார்த்தை தெரிந்திருப்பது நல்லது. அலை பழகுவதற்கு 2018 இல் அறுகம் குடாப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய அலைச்சறுக்குக் கழகம் இருக்கிறது, நாட்டின் முதலாவது பெண்கள் கழகம். முதலில் ஊர் வாய்க்குப் பயந்தவர்கள் இன்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

புறாத்தீவு, பாசிக்குடா பாக்க வேணுமோ?

பாசிக்குடாவில் அலை இல்லை, தண்ணீர் தட்டையானது. உடம்பு நோகும் நாளில் ஊறிக்கிடக்க நல்ல இடம், அவ்வளவுதான். புறாத்தீவு வேறு. நிலாவெளியிலிருந்து படகில் சில நிமிடம். 2003 முதல் தேசியப் பூங்கா. முகமூடி போட்டுக் குனிந்தால் முருகைக்கல்லும், அதிஷ்டம் இருந்தால் கரும்முனைச் சுறாக்களும். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகின்றவை. முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது, மிதித்த துண்டு செத்துவிடும். விடுமுறை நாட்களில் கூட்டம் தாங்காது, கிழமைநாளில் முதல் படகுக்குப் போங்கள்.

திரும்பி வரேக்கயும் இதே பாதையோ?

நேரமிருந்தால் இதே பாதை, எதிர்த்திசையில் வேறு பாதை மாதிரித்தான் இருக்கும். இல்லாவிட்டால் மட்டக்களப்பிலிருந்து ஏ11 இல் பொலன்னறுவை, ஹபரணை போய், ஏ9 இல் ஏறலாம். ஹபரணைப் பக்கமும் யானை உண்டு. நாலரை மணிக் கட்டுப்பாடு அங்கேயும் செல்லும்.

வழியில விழுந்தா, பழுதானா, தனிய என்ன செய்யிறது?

1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் போனில் மட்டுமல்ல, ஹெல்மெற்றின் உள்ளேயும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் இரத்த வகையும் வீட்டு இலக்கமும் அதோடு. காப்புறுதி, வரிப்பத்திரம், அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை எல்லாம் நனையாத பையில். காட்டுத் துண்டில் வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டாம். வண்டியோடு நின்று, வரும் முதல் வாகனத்தை மறியுங்கள். உழவியந்திரம் வரும், மணல் லொறி வரும், கட்டாயம் நிற்பார்கள்.

கடலைப் பற்றிய சந்தேகமென்றால் மீன்வாடியில் வலை பொத்திக்கொண்டிருப்பவரிடம் ‘அண்ணை, இண்டைக்குக் கடல் எப்படி?’ என்று கேளுங்கள். இறங்கவேண்டாம் என்று அவர் சொன்னால் போனில் வரும் அலை அறிவிப்பு என்ன சொன்னாலும் இறங்காதீர்கள்.

ஆமை முட்டையிடுறதைக் கண்டா, கூடு கண்டா, படம் எடுத்து இடத்தோட போடலாமோ?

இடத்தைப் போடவே வேண்டாம். முட்டை எடுப்பவர்களும் அதையே தேடித்தான் பார்க்கிறார்கள். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகள், முட்டைகள் உட்பட, பாதுகாக்கப்பட்டவை. இரவில் ஆமை கரையேறினால் வெளிச்சம் அடிக்காதீர்கள். பாதியில் பயந்து கடலுக்குத் திரும்பிவிடும். போன் வெளிச்சமும் வெளிச்சம்தான். முன்னால் போகாமல், பின்னால் தூரத்தில் அசையாமல் இருந்து பாருங்கள். படம் வராது, பரவாயில்லை.

கூடுகளுக்கும் இதே விதி. ஒரு நாரை எழுந்து பறந்தால் நீங்கள் ஏற்கனவே அளவுக்கு மேல் கிட்டப் போய்விட்டீர்கள். வெயிலில் விட்ட முட்டை சில நிமிடத்தில் கெட்டுவிடும். ட்ரோனைப் பூங்காக்களுக்குக் கிட்டவும் கடற்படை முகாம்களுக்குக் கிட்டவும் எடுக்கவே கூடாது. மற்ற இடத்திலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். படம் போட ஆசையாக இருந்தால் ‘கிழக்குக் கரை, ஜூன்’ என்று மட்டும் எழுதுங்கள். எங்கே என்று கேட்பவர்களுக்கு நானும் அதற்கு மேல் சொல்வதில்லை.